பங்காளியும் பங்குதாரரும்: அருணாசலஞ் செட்டியார் வழக்குத் தீர்ப்புப் பற்றிய ஓர் ஆய்வு

பங்கு என்னும் சொல் தமிழில் இருவழிப்பட்டு நிற்கின்றது. ஒருவழியில் அது குடும்பத்தைச் சார்ந்தது; ஒரே முதுசத்துக்கு உரியராய்த் தந்தை வழியிற் பிறந்தோர் பங்காளிகள் எனப்படுவர். மற்றொரு வழியில் அது வாணிகத்தைச் சார்ந்தது; ஒரு கூட்டு மூலதனத்திற் கூறுடையோர் பங்குதாரர் எனப்படுவர். முன்னது பிறப்பால் வருவது. பின்னது பணத்தால் வருவது. பங்குதாரருக்கு ஆதாயமும் நட்டமுமே உண்டு. பங்காளிக்கோ அவற்றோடு காய்ச்சலும் உண்டு என்பதை நாட்டு வழக்கு நன்கறியும். ஆயினும், ஓர் அரசு தன் எல்லைக்கு அப்பால் வாழும் ஒருவனுடைய பங்கின்மீது வரி கேட்கத் தலைப்படும்பொழுது இவ்விருவரும் ஒரே மன்றில் அருகருகே நிற்கவேண்டியவராகின்றனர். அவ்வாறு நின்ற வழக்குகளுள் இலங்கையின் பெயரால் அறியப்படுவது, இலங்கைச் சட்டமா அதிபர் எதிர் அருணாசலஞ் செட்டியார் என்பதாகும். 1957ஆம் ஆண்டிலே கோமறைக் கழகமாகிய பிரிவிக் கவுன்சில் அளித்த அத்தீர்ப்பின் நன்மையும் குறையும் ஈண்டு ஆராயப்படும்.

அரசின் கை அதன் எல்லைவரையே நீளும் என்பது பொதுவிதி. நிலத்தைப் பொறுத்தவரை இவ்விதியிற் சிக்கலில்லை. வயலும் வளவும் ஓடிப்போவனவல்ல. அவை கிடக்கும் நாட்டின் சட்டமே அவற்றை ஆளும். அசையும் பொருளுக்கோ, அதை உடையவன் எங்கே நிலையாக வாழ்கின்றானோ அவ்விடத்துச் சட்டம் உரியது என்று மேனாட்டுச் சட்டநூலார் நெடுங்காலமாகக் கொண்டனர். ஆனால் வங்கியொன்றிலுள்ள பங்கு வயலைப் போன்றதன்று. பெட்டியிற் கிடக்கும் நகையைப் போன்றதுமன்று. அஃது ஓர் உரிமை மாத்திரமே. உரிமைக்கு உருவில்லை. உருவில்லாத ஒன்று எந்த ஊரில் இருக்கின்றது என்று வினவுவது வேடிக்கையாகத் தோன்றினும், அவ்வினாவுக்கு விடை கூறினாலன்றி வரியதிகாரியின் கடிதத்துக்கு மறுமொழி எழுதல் இயலாது.

இவ்வினாவுக்குத் தெளிவான விடையைத் தந்தது கனடாவிலிருந்து வந்த ஒரு வழக்கு. ரோயல் பாங்க் ஒவ் கனடா என்னும் வங்கியின் தலைமைக் காரியாலயம் கியூபெக் மாகாணத்து மொன்றியல் நகரில் இருந்தது. அவ்வங்கியிற் பங்குகளுடைய ஒருவர் நோவா ஸ்கோஷியா என்னும் வேறு மாகாணத்தில் நிலையாக வாழ்ந்து இறந்தார். அவர் இறந்ததும் கியூபெக் அரசு, வங்கி தன் மாகாணத்தது ஆதலாற் பங்கும் தன் மாகாணத்ததே என்று கூறி, மரபுரிமை வரி கேட்டது. கனடாவின் வங்கிச் சட்டமோ ஒவ்வொரு மாகாணத்திலும் பங்குப் பதிவேடு வைத்தற்கு இடமளித்திருந்தது. நோவா ஸ்கோஷியாவில் வாழ்வோரின் பங்குகள் அம்மாகாணத் தலைநகராகிய ஹாலிபாக்ஸ் பதிவேட்டிலன்றி வேறெங்கும் கைமாறுதல் இயலாது. பிரசார்ட் எதிர் ஸ்மித் என 1925ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் இடம்பெற்ற இவ்வழக்கிலே டனெடின் பிரபு ஒரேயொரு வினாவை எழுப்பினார்: இப்பங்கைப் பயனுறக் கைமாற்றக்கூடிய இடம் எது? ஹாலிபாக்ஸ் என்பது விடை. ஆகவே கியூபெக்கின் கை அங்கே நீளவில்லை. வங்கி ஓரிடத்தது, பங்கு வேறிடத்தது என்னும் இம்முடிவு பொதுமக்களுக்கு வியப்பளிக்கலாம். ஆயின் இதன் நன்மை யாதெனின், எவரும் சென்று பார்க்கக்கூடிய ஒரு புத்தகத்தை அளவுகோலாகத் தந்தமையாம்.

பங்கு வரவாக இருக்குங்கால் இவ்விதி போதும். அது சுமையாக மாறுங்கால் வேறொரு விதி வேண்டும் என்பதை அமெரிக்க வழக்கொன்று காட்டும். 1930ஆம் ஆண்டு டிசம்பரில் நியூ யோர்க் நகரத்து பாங்க் ஒவ் யுனைற்றட் ஸ்டேற்ஸ் கதவடைத்தது. (பெயரைக் கண்டு அரச வங்கியென மயங்குதல் கூடாது, அது தனியார் வங்கியே.) வங்கி நொடித்தால் ஒவ்வொரு பங்குதாரரும் தம் பங்கின் முகப்பெறுமதி அளவிற்கு மேலும் பணம் செலுத்தக் கடமைப்பட்டவர் என்பது நியூ யோர்க் மாநிலச் சட்டம். அயல் மாநிலமாகிய நியூ ஜேர்சியில் வாழ்ந்த நூற்றுக்கணக்கான பங்குதாரர், தம் மாநிலச் சட்டத்தின் நிழலில் ஒதுங்க முயன்றனர். 1935இல் ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம், நீதியரசர் பிராண்டைஸ் எழுதிய தீர்ப்பினால் அந்நிழலை அகற்றிற்று. ஒரு மாநிலத்து வங்கியிற் பங்குதாரராகச் சேர்ந்தவர் அவ்வங்கியைப் படைத்த சட்டத்தையும் உடன் ஏற்றுக்கொண்டவராவர். எல்லை கடந்து குடியிருப்பதால் அக்கடமை கழியாது என்பது அதன் கருத்து.

இவ்விரு வழக்குகளிலும் ஒரு வங்கி இருந்தது. அதற்கு ஒரு சாசனமும், பங்குதாரர் பெயர் எழுதிய ஒரு பதிவேடும் இருந்தன. இவை ஒன்றும் இல்லாத ஒரு வங்கியின் பங்குகள் எங்கே இருக்கின்றன? இலங்கையில் எழுந்த வழக்கின் அருமை இவ்வினாவிலேதான் தொடங்குகின்றது.

1939இல் இலங்கை வங்கி நிறுவப்படும்வரை இந்நாட்டு மக்களிற் பெரும்பாலோர்க்கு வங்கியாய் விளங்கியது கொழும்புச் செட்டியார் தெருவே. ஐரோப்பியரின் வங்கிகள் தோட்டத்துரைமாருக்கும் பெருங் கம்பனிகளுக்கும் கடனளித்தன. உள்ளூர் வணிகனையும் நிலக்காரனையும் அவை நேரே அறிந்தில. அவ்வங்கிகளிடமிருந்து பணம் பெற்று, தம் பணத்தையும் அதனோடு சேர்த்து, நாடெங்கும் கடன் கொடுத்தோர் நாட்டுக்கோட்டைச் செட்டிமார். அவர்தம் கடைக்கு விலாசம் என்னும் எழுத்துத் தொடரே பெயர்ப்பலகை. முதலாளி இருப்பது காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ. கொழும்பில் இருப்பவன் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணைக்கு வந்த முகவன். முதலாளியின் மனைவியும் மருமகளும் கடலைக் கடந்தறியார். பங்குப் பத்திரம் இல்லை. பங்குதாரர் கூட்டமும் இல்லை. எனினும் அக்கடையின் மூலதனம் தனியொருவனுக்கு உரியதன்று. மிதாட்சர நெறிப்படி, ஒரு கூட்டுக்குடும்பத்திற் பிறக்கும் ஆண்மகவு பிறந்த கணத்திலேயே குடும்பச் சொத்தில் உரிமை பெறுகின்றது. தொட்டிலே அதற்குப் பதிவேடு.

இத்தகைய குடும்பமொன்றின் தலைவராகிய அருணாசலஞ் செட்டியார், இந்தியாவை நிலையான உறைவிடமாகக் கொண்டு, இந்தியாவிலும் இலங்கையிலும் கீழைத் தேயங்களிலும் பொருள் ஈட்டியவர். அவரும் அவர் மகனுமே அக்குடும்பத்தின் ஆண் பங்காளிகள். 1934இல் மகன் இறந்தார். தந்தை தனித்த ஒரே ஆண் பங்காளியாய் எஞ்சினார். குடும்பத்திற் பெண்கள் பலர் இருந்தனர். 1938இல் தந்தையும் இறந்தார். அவ்வாண்டிலேதான் இலங்கையின் மரணச் சொத்து வரிக் கட்டளைச் சட்டம், 1938ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டமாக நடைமுறைக்கு வந்திருந்தது. அவர் மறைவின் பின்னர் அக்குடும்பத்து விதவைகள் பிள்ளை கூட்டிக்கொண்டனர்.

சொத்து இலங்கையில் இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆகவே ஹாலிபாக்ஸ் வழக்கின் அளவுகோல் ஈண்டு உதவாது. எங்கே இருக்கின்றது என்னும் வினா போய், யாருடையது என்னும் வினா வந்தது. அவ்வினாவை எழுப்பியதும் கட்டளைச் சட்டமே. அதன் 73ஆம் பிரிவு, பிரிவுபடாத இந்துக் குடும்பம் ஒன்றின் உறுப்பினர் இறக்குமிடத்து, அக்குடும்பத்தின் கூட்டுச் சொத்தென நிறுவப்பட்ட அசையும் ஆதனத்துக்கு வரியில்லை என்றது. அசையா ஆதனத்துக்கோ, அது அசையும் ஆதனமாக இருந்திருப்பின் கூட்டுச் சொத்தாயிருக்கும் என நிறுவப்படின் வரியில்லை என்றது. இவ்விரண்டாம் உறுப்பை விரைந்து படிப்போர் எழுத்துப் பிழையோ என ஐயுறுவர். பிழையன்று. இலங்கை நிலத்தை இலங்கைச் சட்டமே ஆளும்; அச்சட்டம் மிதாட்சரக் கூட்டுரிமையை அறியாது; ஆதலின் கொழும்பிலுள்ள வீடு எக்காலத்தும் இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தாதல் இயலாது. எனவே சட்டமியற்றினோர், வீட்டுக்குக் கால் முளைத்ததாகச் சற்றுநேரம் பாவனை செய்துகொள்ளும்படி வரியதிகாரிக்குக் கட்டளையிட்டனர். நிலம் மண்ணின் சட்டத்துக்கு அடங்கும், பொருள் மனிதனின் சட்டத்துக்கு அடங்கும் என்னும் பழைய விதிகள் இரண்டையும் முறிக்காமலே வளைத்த இத்திறம் பாராட்டற்குரியது.

அரசின் வாதம் எளிமையானது. மேலோட்டமாகப் பார்ப்போரை மயக்கவும் வல்லது. கூட்டுச் சொத்து என்பதற்கு இருவராயினும் வேண்டும். மகன் இறந்தபின் தந்தை ஒருவரே பங்காளி. பாகம் கேட்பார் இல்லை; தடுப்பார் இல்லை. விற்பதற்கும் ஈவதற்கும் அவருக்கு முழு அதிகாரம் உண்டு. இவ்வளவும் உடையவனை உடைமையாளன் என்னாது வேறென்ன சொல்வது? உடைமையாளன் ஒருவனேயாயின் சொத்துக் கூட்டுச் சொத்தாவது எங்ஙனம்?

இலங்கை உயர் நீதிமன்றம் இவ்வாதத்தை ஏற்கவில்லை. பங்காளிகளின் தொகை தற்செயலாக ஒன்றாகக் குறைந்த அளவிலே குடும்பச் சொத்து தனிச்சொத்தாக மாறிவிடும் என்பது, பிரிவுபடாக் குடும்பம் என்னும் அமைப்பையே எள்ளி நகையாடுவதாகும் என்பது நீதியரசர் கிரேஷியனின் கருத்து. சட்டமா அதிபர் கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு செய்தார். அக்கழகமும் கிரேஷியனின் பக்கமே நின்றது. தந்தை இறக்குங்காலத்தில் ஒரு பிரிவுபடாத இந்துக் குடும்பத்தின் உறுப்பினராகவே இறந்தார். அக்குடும்பம் மகன் உயிரோடிருந்தபோது இருந்த அதே குடும்பம். விதவைகள் பிள்ளை கூட்டியமையால் அதன் தொடர்ச்சி அவர் மறைவுக்குப் பின்னும் அறாது நின்றது என்று தீர்ப்பளித்தது.

இத்தீர்ப்பின் உயிர்நிலை, உடைமையாளன் என்னும் சொல்லை அது கையாண்ட முறையில் உள்ளது. அரசின் வாதத்திலுள்ள குற்றம் யாதெனின், எஞ்சிய பங்காளிக்கு முதலில் உடைமையாளன் என்று பெயர் சூட்டிவிட்டு, அப்பெயரின் பலத்தினாலேயே அவனிடம் ஓராயிரம் உரிமைகளைக் குவித்து, பின்னர் அக்குவியலைக் காட்டிக் கூட்டுச் சொத்து மறைந்துவிட்டது எனக் கூறியமையாம். விற்கும் அதிகாரம் அவனுக்கு உண்டு, உண்மை. அது குடும்பச் சொத்தை விற்கும் அதிகாரம். அவன் விற்காதவரை அது குடும்பச் சொத்தே. ஆணும் பெண்ணுமாய், கூடியும் குறைந்தும் வருகின்ற அக்குடும்பத்தையும் உடைமையாளர் எனச் சொல்லலாம். அச்சொல்லால் விளையும் பயன் ஒன்றுமில்லை. பிறந்தோர்க்கும் இனிப் பிறக்கவிருப்போர்க்கும் உள்ள உரிமைகள் யாவை என்று பகுத்து நோக்குதலே வழி. கழகம் சென்ற நெறி இது. ஆங்கிலச் சட்டத்திலே பிறந்து வளர்ந்த நீதிபதிகள் தம் சட்டத்தின் தலையாய சொல்லொன்றை ஈண்டுப் பயனற்றதென ஒதுக்கிவைத்தமை எளிய செயலன்று. இந்திய வழக்குகளுக்குக் கோமறைக் கழகத்தின் வாயில் 1949இலேயே அடைக்கப்பட்டுவிட்டது. அதன் பின்னர் இந்து சட்டம் லண்டன் மாநகரை அடைவதற்கு இலங்கை போன்ற அயல்வழிகளே எஞ்சியிருந்தன. அவ்வழி வந்த வழக்கொன்றிலே இத்தகைய தெளிவு பிறந்தமை கருதத்தக்கது.

ஆயினும் தீர்ப்பின் எல்லாப் பகுதியும் ஒரே வலிமையுடையன என்று கூறுதல் இயலாது. விற்காதவரை குடும்பச் சொத்தே என்னும் வாய்பாடு, உயிரோடிருப்பவனின் விற்பனைக்கு நன்கு பொருந்தும். எஞ்சிய ஒரே பங்காளி மரணசாசனம் எழுதி, முழுச் சொத்தையும் அந்நியர் ஒருவருக்குக் கொடுத்திருப்பின் என்செய்வது? சாசனம் பயன் தொடங்குவது மரணக் கணத்தில்; வரி விழுவதும் அதே கணத்தில். அக்கணத்திற்கு முன் கூட்டுச் சொத்து; பின் அந்நியன் சொத்து. விதிவிலக்குக் குடும்பத்தைக் காப்பதற்கென்று வந்தது. இங்கே அதன் பயனை அடைபவன் குடும்பத்துக்குப் புறத்தான். இவ்விடரைத் தீர்க்க அவ்வாய்பாடு உதவாது.

மற்றொரு குறை பெண்களைப் பற்றியது. 1937இல் இதே கழகம், இந்திய வருமான வரி வழக்காகிய கல்யாண்ஜி விட்டல்தாஸ் வழக்கிலே, மனைவியும் மகளும் மாத்திரமுள்ள ஒருவனது வருமானம் அவனுக்கேயுரிய தனிவருமானம் என்று தீர்த்திருந்தது. இருபது ஆண்டுகளின் பின் விதவைகள் நிறைந்த குடும்பம் குடும்பமே என்றது. இரண்டையும் ஒருங்கு வைத்துப் படிப்பவர் மனத்தில், பெண்கள் குடும்பத்தை நிலைநிறுத்துவோரா, அன்றி ஆண்மகவொன்றைக் கூட்டிக்கொள்ளும் ஆற்றலினால் மாத்திரம் மதிக்கப்படுவோரா என்னும் ஐயம் எழும். குடும்பத்தில் ஆண்களோடு பெண்களும் அடங்குவர் என்று தீர்ப்பே சொல்கின்றது. ஆயின் தொடர்ச்சிக்குச் சான்று காட்டவேண்டிய இடத்திற் சுவீகாரத்தையே முன்வைக்கின்றது. செட்டிநாட்டு வளவுகளைக் கண்டோர்க்கு இது சிறிது விந்தையாகத் தோன்றும். மணமான மகனை ஒரே வீட்டினுள் வேறு உலை வைக்கச் செய்து, ஒவ்வொரு மருமகளின் சீரையும் தனித்தனியே கணக்கெழுதி வைக்கும் அச்சமூகத்தில், ஆண்கள் கடல் கடந்திருந்த காலமெல்லாம் குடும்பம் என்று சொல்லத்தக்கதாய் ஊரில் நின்றவர் பெண்களே.

இந்திய உச்ச நீதிமன்றம் 1966இல் கௌலி புத்தண்ணா வழக்கில் இவ்விரு தீர்ப்புகளையும் இணக்கவேண்டிய நிலைக்கு உள்ளாயிற்று. முன்னரே கூட்டுச் சொத்தாயிருந்தது எஞ்சிய ஒருவன் கைக்கு வந்த நிலை வேறு, தொடக்கத்திலேயே ஒருவன் கையில் இருந்த நிலை வேறு என அது பிரித்துக் காட்டி, கொழும்பு வழக்கின் நெறியையே பின்பற்றிற்று. பெண்மக்கள் தாமே பிறப்புரிமைப் பங்காளிகளாதலைத் தமிழ்நாடு 1989இலும், இந்தியா முழுவதும் 2005இலும் சட்டமாக்கின. 1957இல் எஞ்சிய ஐயம் அவ்வாறு சட்டமன்றங்களால் தீர்க்கப்பட்டது.

இனி யாழ்ப்பாணத்தார்க்கு இத்தீர்ப்பினாற் பிறக்கும் ஒரு நியாயமான குறை கூறப்படல்வேண்டும். கட்டளைச் சட்டம் விலக்களித்தது பிரிவுபடாத இந்துக் குடும்பத்துக்கு. யாழ்ப்பாணத்தவர் பெரும்பாலோர் இந்துக்கள். ஆயினும் அவ்விலக்கு அவர்க்கு எட்டாதது. அவரை ஆள்வது மிதாட்சரமன்று, தேசவழமை. ஒல்லாந்த அதிகாரியாகிய கிளாஸ் ஐசாக்ஸ் 1706, 1707ஆம் ஆண்டுகளில் தொகுத்த அவ்வழமையிற் கூட்டுவாழ்வின் சாயல் இல்லாமலில்லை. பெற்றோர் உயிரோடிருக்கும்வரை ஆண்மக்கள் பாகம் கேட்டல் ஆகாது. மணமாகுமுன் அவர் தேடியது பொதுச் சொத்திற் சேரும். தம் உடம்பில் அணிந்த பொன் வெள்ளி ஆபரணங்கள் மாத்திரம் அவருடையன என்று அத்தொகுப்புக் கூறும். ஆனால் பிறப்பினால் வரும் பங்கு என்னும் கருத்து அங்கில்லை. முதுசம் என்றும், சீதனம் என்றும், தேடியதேட்டம் என்றும் சொத்தை அதன் வரவுவழி நோக்கிப் பிரித்தலே தேசவழமையின் இயல்பு. 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கணவனுடையது, மனைவியுடையது என்னும் தனித்தன்மையை மேலும் வலியுறுத்திற்று. பெண்ணுக்குச் சீதனமாகக் காணியும் வீடும் கொடுத்து அவளை உரிமைக்காரியாக்கும் ஒரு சமூகம், ஆண்வழிக் கூட்டுரிமையை அறியாதிருத்தல் வியப்பன்று; அதற்காக நாணவேண்டியதுமில்லை.

விளைவு யாதாயிற்று? தென்னிலங்கை நகரொன்றிலே சுருட்டுக்கடை வைத்திருந்த தீவுப்பகுதிச் சகோதரர் இருவரை எண்ணிப் பார்க்கலாம். ஒரே அடுப்பில் உண்டு, ஒரே பெட்டியிற் பணம் போட்டு, ஊரிலுள்ள குடும்பத்துக்கு ஒரே உண்டியலிற் பணம் அனுப்பி வாழ்ந்தவர் அவர். சட்டத்தின் கண்ணுக்கு அவர் வெறும் கூட்டு வாணிகர். ஒருவர் இறந்தால் அவர் பாகத்துக்கு மரணச் சொத்து வரி உண்டு. அவர்க்குக் கடன் கொடுத்த செட்டியார் தெருக் கடையின் முதலாளி அதே நாளில் இறந்தால், அந்நாட்டிற் குடியிராத அக்குடும்பத்தின் கூட்டுச் சொத்துக்கு வரியில்லை. மண்ணிற் பிறந்தவன் செலுத்த, கடலுக்கு அப்பால் இருப்பவன் விலக்குப் பெற்றான். இதற்கு நீதிபதிகளைக் குறைகூறல் பொருந்தாது. அவர்கள் சட்டத்தின் சொற்களுக்குப் பொருள் கண்டனர். சொற்களை இட்டவர் வேறு.

அச்சொற்களுக்கு ஒரு நியாயமும் உண்டு. ஒரு கம்பனியிற் பங்குதாரர் இறந்தாற் கம்பனி இறப்பதில்லை. அவ்வாறே பங்காளி இறந்தாற் கூட்டுக்குடும்பம் இறப்பதில்லை, சொத்து ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் செல்வதுமில்லை, எஞ்சியோரிடம் நிற்கின்றது. செல்லாத சொத்துக்குச் செல்கை வரி எங்ஙனம் விதிப்பது? ஆனால் இவ்வொப்புமையை இறுதிவரை நடத்திச் சென்றால் அஃது எதிர்த்திசையிற் போய் முடியும். கம்பனி இறவாததாயினும் இறந்த பங்குதாரரின் பங்குக்கு வரி உண்டே. ஹாலிபாக்ஸ் செல்வர் வாழ்ந்த மாகாணம் எதுவாயினும், ஏதோ ஓர் அரசு அப்பங்கின்மீது வரி கேட்கும் உரிமையுடையது என்பதை எவரும் மறுத்திலர். அங்ஙனமாயின், கூட்டுக்குடும்பத்தை முழுவதும் விலக்கியது ஏன்? இறந்தவர் பாகத்தை மதிப்பிட்டு அதன்மேல் மாத்திரம் வரி விதித்திருக்கலாகாதோ?

இயலாததன்று என்பதை மிதாட்சரத்தின் தாயகமே காட்டிற்று. 1953இல் இந்தியா மரணச் சொத்து வரிச் சட்டம் இயற்றியபோது, இறந்த பங்காளி இறப்பதற்கு முற்கணத்திற் பாகம் பிரித்துக்கொண்டதாகப் பாவனை செய்து, அப்பாகத்தின் மதிப்புக்கு வரி விதித்தது. இலங்கை கால் முளைத்த வீட்டைக் கற்பனை செய்தது. இந்தியா நடவாத பாகப்பிரிவினையைக் கற்பனை செய்தது. ஒன்று விலக்குவதற்கும் மற்றொன்று பிடிப்பதற்கும் பயன்பட்டன. 1957இல் கோமறைக் கழகம், இந்தியா தன் குடிகளிடம் வாங்கத் தொடங்கிவிட்ட வரியொன்றை, அக்குடிகளிடம் இலங்கை முன்னைய காலத்து மரணத்துக்கு வாங்கலாகாது எனத் தீர்த்தது. காலமும் சட்டமும் வேறாதலின் முரண் இல்லை. ஆயினும் இலங்கைச் சட்டமியற்றினோர் 73ஆம் பிரிவை அத்துணை அகலமாகத் திறந்துவைத்தமை, செட்டியார் தெருவின் பணம் இந்நாட்டு வாணிகத்துக்கு எத்துணை இன்றியமையாததாயிருந்தது என்பதன் சாயலோ என்று எண்ணத் தோன்றும்.

இன்று அவ்வரி இந்தியாவில் இல்லை, 1985இல் நீங்கிற்று. இலங்கையில் 1938ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் வழக்கொழிந்தது. செட்டியார் தெருவில் வட்டிக்கடைகள் இருந்த இடத்தை நகைக்கடைகள் கொண்டன. ஆனால் எல்லைக்கு அப்பாலுள்ள பங்கைப் பற்றிய வினா யாழ்ப்பாணத்து வீடுகளை விட்டகலவில்லை. முற்காலத்தில் மலாயாப் பென்சனியர் இறந்தபின், சிங்கப்பூர்ப் பதிவேட்டிலிருந்த அவர் பங்குகளைப் பற்றி மக்கள் வழக்கறிஞரிடம் ஓடினர். இக்காலத்தில் ஓடுவோர் லண்டனிலும் ரொறன்ரோவிலும் பிள்ளைகள் உடையோர். ஐக்கிய இராச்சியம் 2025 ஏப்ரல் 6ஆம் நாள் முதல், நிலையான உறைவிடம் என்னும் பழைய அளவுகோலைக் கைவிட்டது. முந்திய 20 வரியாண்டுகளில் 10 ஆண்டுகள் அந்நாட்டில் வதிந்தவர் இறப்பின், கொக்குவிலிலுள்ள காணிக்கும் கொழும்பு வங்கியிலுள்ள பங்குக்கும் அந்நாடு மரபுரிமை வரி கணக்கிடலாம். ஊருக்குத் திரும்பும் எண்ணம் இறுதிவரை மனத்திலிருந்தது என்று காட்டுதல் முன்னர் உதவியிருக்கும். இப்பொழுது எண்ணப்படுவன ஆண்டுகளே. கனடாவிலோ மத்திய அரசின் மரணச் சொத்து வரி 1972 தொடக்கத்தோடு ஒழிந்தது. அதற்கு ஈடாக, இறந்தவர் இறப்பதற்கு முற்கணத்திலே தம் உடைமைகளையெல்லாம் சந்தை விலைக்கு விற்றுவிட்டதாகப் பாவனை செய்து, விலையேற்றத்தால் வந்த ஆதாயத்துக்கு வருமான வரி கேட்கப்படுகின்றது. கணவனோ மனைவியோ உயிரோடிருந்து அச்சொத்தைப் பெறின் அப்பாவனை விற்பனை பெரும்பாலும் அவர் காலம் முடியும்வரை தள்ளிவைக்கப்படும்.